ரத்தம் நிற்கும் வரை

அண்ணா,

இன்று காலை ஆய்வகத்தில் குக்கரைத் திறந்தேன். நம் வீட்டில் இருக்கிற மாதிரியே குக்கர்தான். அதே கறுப்புக் கைப்பிடி, அதே ரப்பர் வளையம். ஆனால் உள்ளே பருப்பு வேகாது. சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் கண்ணாடித் தகடுகள் நிற்கும். ஒவ்வொரு தகட்டிலும் யாரோ ஒருவருடைய உடம்பிலிருந்து எடுத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவிய சதை ஒட்டியிருக்கும். கொதிக்கவிட்டால்தான் ஃபார்மலினில் இறுகிப்போன புரதங்கள் இளகி, நாங்கள் ஊற்றும் மருந்துக்கு முகம் காட்டும். மூடியைத் திறந்ததும் மெழுகும் புளிப்பும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. உடனே உன் குரல் கேட்டது: "இன்னாடி, பெரிய ஆஸ்பத்திரின்னு பீத்திகினு இங்க கொழம்பு வெச்சிகினு கீற?"

நீ அதைச் சொன்ன அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று வரவில்லை. மூடியைத் தூக்கித் தரையில் அடித்தேன். பக்கத்து மேசையில் இருந்தவள் பதறிப்போய், "இன்னாக்கா?" என்றாள். கை வழுக்கிவிட்டது என்றேன். என் கை வழுக்குமா? நீ போனதிலிருந்து யாரையாவது பிடித்து நன்றாகச் சாத்த வேண்டும் என்று ஒரு வெறி அடிக்கடி வருகிறது. ஆள் கிடைக்காததால் பாத்திரங்கள் அடிவாங்குகின்றன.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத வேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். உன்னை நினைத்தால் வருவதெல்லாம் அடிதடியாக இருக்கிறது, நான் என்ன செய்ய? பொன்னேரி ஸ்டேஷனில் என் துப்பட்டாவை இழுத்தவனின் முகத்தைத் தண்டவாள ஜல்லியில் வைத்துத் தேய்த்தாய். நான் கும்பிடுவேன் என்று பார்த்தாய். நான் உன் கையைக் கடித்தேன். அவன் வாயிலிருந்து விழுந்த பல்லைப் பார்த்துவிட்டு ஸ்டேஷன் மொத்தமும் திரும்பி என்னைத்தானே பார்த்தது! நைனா இருந்தவரை அவர் உன்னை அடிப்பார், நீ வெளியே போய்ச் சவுக்கு மரத்தை அடிப்பாய். நைனா போனபிறகு மரம் தப்பித்தது, மனிதர்கள் மாட்டிக்கொண்டார்கள். அண்ணி உன் ஐந்து விரலையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு தோணிரேவில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. அதற்காக ஒரு மழைக்காலம் முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் உன்னை விட்டுக்கொடுக்கமாட்டாள். "அவனுக்குக் கை மின்னாடி போவும், மனசு பின்னாடியே ஓடியாரும்" என்பாள். மனசு வந்து சேர்வதற்குள் எதிரில் நின்றவன் ஆஸ்பத்திரியில் இருப்பான்.

தேசப்பன் மாமாவோடு நீ போட்ட சண்டையை நான் கரையில் நின்று பார்த்தேன். ஊர் முறையில் மாமா. நைனாவுக்குச் சமமாகக் கடலுக்குப் போனவர். நம் ஏரியில் இறால் ஓடும் தடம் சிலதுதான். எந்த நாளில் எந்தத் தடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உன் நாள் தவறினால் தவறியதுதான், அடுத்த சுற்று வரும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் நம் ஊரில் எதைப் பறித்தாலும் பேசித் தீர்ப்பார்கள், முறையைப் பறித்தால் மண்டை உடையும்.

அன்று முகத்துவாரத்துத் தடம் உன் முறை. நீயும் சித்தப்பா மகன் வேலுவும் படகில் போய்ச் சேர்ந்தபோது மாமா அங்கே வலைக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் காற்றில் தன் முறை கெட்டுப்போனது, அதை இன்று கட்டிக்கொள்ள ஊர்ப் பெரியவரிடம் சொல்லியாயிற்று என்று கத்தினார். நீ காதில் வாங்கினால்தானே? இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தாய். அவர் நட்ட கழியைப் பிடுங்கி அவர் தலையிலேயே இறக்கினாய். புருவம் பிளந்தது. அவர் உன் கழுத்தைப் பிடித்து நீருக்குள் அமுக்கினார். நீ மேலே வந்தபோது அவர் காதின் ஒரு துண்டு உன் வாயில் இருந்தது. நீ துப்பினதைக் கரையில் இருந்தே பார்த்தேன். அவர் படகில் ஏறினார், நீயும் பின்னாலேயே ஏறினாய். அப்போதுதான் குதிகாலால் உன் அடிவயிற்றில் ஒன்று விட்டார். நீ படகின் விளிம்பில் விழுந்து தண்ணீருக்குள் சரிந்தாய். அதன்பிறகு இரண்டு படகு ஆட்களும் கழியும் கையுமாக விளாசிக்கொண்டதில் யார் யாரை அடித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் சவுக்குத் தோப்புப் பக்கம் வெளிக்குப் போனவன் சுண்ணாம்பு அடித்த முகத்தோடு திரும்பி வந்தாய். "யம்மா, ரத்தமாப் போவுது" என்றாய். அம்மா உன் கைலியை உருவி எடுத்துக்கொண்டு மார்பில் அடித்தபடி தெருவில் ஓடினாள். அம்மன் கோயிலுக்கு முன்னால் அந்தக் கைலியை விரித்துப் போட்டு, "இத்தப் பாத்துட்டு நாயம் சொல்லுங்க" என்று மண்ணை வாரி இறைத்தாள். ஊர் கூடியது. தேசப்பன் மாமா பிளந்த புருவத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு நின்றார்.

பெரியவர் சொன்ன தீர்ப்பு எனக்கு இன்னும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "யாரு மொதல்ல அடிச்சாங்கற பேச்சு வாணாம். தேசப்பன் ஒதைச்சதுல உள்காயம் ஆயி ரத்தம் போவுது. ரத்தம் நிக்கிற வரைக்கும் தேசப்பன் ஏரில எறங்கக் கூடாது. நின்னதும் அடிபட்டவனே வந்து ஊர் மின்னாடி வாயால சொல்லணும். அப்பதான் கட்டு அவுரும்." ஏதோ ஒரு வாரம், பத்து நாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமாவும் அப்படி நினைத்துத்தான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ரத்தம் நிற்கவில்லை, வருடம் மாறியும் நிற்கவில்லை. நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயில் அடித்துக் குடித்தாய். ஆட்டு ஈரலைச் சுட்டுத் தின்றாய். யாரோ ஒரு வைத்தியர் அடிவயிற்றில் பற்றுப்போட்டு இறுக்கிக் கட்டினார். சில மாதம் குறையும், நீ மீசையை முறுக்கிக்கொண்டு நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்வாய். பிறகு திடீரென்று சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். ஊர்க்கூட்டத்தில் பெரியவர் கேட்கும்போதெல்லாம் நீ எழுந்து "நிக்கல" என்பாய். நீ பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

காலையில் பொன்னேரி பஸ்ஸுக்கு நான் நிற்கும்போது மாமாவின் பெண்சாதி வசந்தா அத்தை வருவாள். பக்கத்தில் வந்து மெல்ல, "உங்க அண்ணனுக்கு நின்னுச்சாமா?" என்று கேட்பாள். "இல்லத்தே" என்பேன். முதலில் பயத்தோடு கேட்டாள், அப்புறம் அழுகையோடு கேட்டாள், கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். மாமா ஏரியை விட்டுவிட்டு லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அவர் படகின் மோட்டாரை வேலு கழற்றி ஏரிக்குள் வீசியிருந்தான். ஒருநாள் அத்தை என்னிடம் கேட்டது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "எம் புள்ள எப்ப சாவான்னு கேக்க வந்தியாடி?" என்று அத்தையின் கொண்டையைப் பிடித்தாள். பஸ் நிறுத்தத்து மணலில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். அத்தையின் ஜாக்கெட் கிழிந்தது, அம்மாவின் முன்பல் போனது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் இருவரையும் பிரித்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனேன்.

நான் உன்னை ஆஸ்பத்திரிக்கு வா என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! "அடிபட்ட வயித்துக்கு டாக்டர் இன்னா பண்ணுவான்? அடிச்சவன அடிச்சாதான் ஆறும்" என்றாய். ஒருநாள் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது மயங்கி விழுந்தாய். அப்போதுதான் பார்த்தேன், உன் தோள் எலும்பு பனியனுக்குள் துருத்திக்கொண்டு நின்றது. கையைக் காலைக் கட்டாத குறையாக வண்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு அந்த வார்டில் இருந்த எல்லோருடைய பரம்பரையையும் திட்டித் தீர்த்தாய். உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும்போது ஊழியர் ஒருவரை உதைத்தாய். அவர் சுவரில் போய் மோதினார். நான் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி மன்னிப்புக் கேட்டேன்.

பெருங்குடல் முழுக்கப் புண். ஓர் இடத்தில் கட்டி. பல இடத்திலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்குகள் என் ஆய்வகத்துக்கே வந்தன. உன் பெயர் எழுதிய மெழுகுக் கட்டிகளை நானே சீவினேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

புற்றுநோய் என்று உறுதியான அன்று அம்மாவுக்குப் போனில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்து என்ன பயன், எப்படியும் தெரிந்திருக்கும். போனை வைத்த கையோடு அம்மா தெருவில் இறங்கி, "தேசப்பன் ஒதைச்ச எடத்துலயே புத்து வெச்சிடுச்சு" என்று அலறினாள். வேலு மீன் வெட்டும் கத்தியோடு மாமா வீட்டுக்குப் போனான். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு வந்த வெட்டைத் தடுக்க இடது கையைத் தூக்கினார். இரண்டு விரல் சோற்றுத் தட்டில் விழுந்தது. போலீஸ் வந்தபோது மாமா, "லாரிக் கதவுல மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டார். ஊர் விஷயத்தை ஊருக்குள்ளேயே வைக்க வேண்டும் என்ற வைராக்கியம் அவருக்கு.

வேலு உனக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்க வைத்தாய். "மாமனுக்கு வெரலு போச்சுண்ணா. உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா தல போவும்னு சொல்லிட்டு வந்துகிறேன்." நீ கட்டிலில் படுத்தபடி சிரித்தாய். ஆமாம், சிரித்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ செத்தால் ஒரு கொலை விழும் என்று அந்த நிமிடம் எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

அதற்கு மறுநாள்தான் எங்கள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். சதையைப் பார்த்து நோய் சொல்வது அவர் வேலை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் என்னை எதிரில் உட்கார வைத்தார். பி-53 என்று ஒரு புரதம் இருக்கிறது, அண்ணா. கெட்டுப்போன செல்லை வளரவிடாமல் தடுக்கிற காவல்காரன். நல்ல உடம்பில் அவன் வந்த வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடுவான். தகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாகத்தான் தெரியும். அவனே கெட்டுப்போனால் மறையமாட்டான். செல்லுக்குள்ளேயே குவிந்து கிடப்பான், நாங்கள் போடுகிற சாயத்தில் கரும்பழுப்பாகத் தெரிவான். உன் கட்டியில் அந்தப் பழுப்பைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் கட்டிக்கு வெகுதூரத்தில், குழாயில் பார்த்தபோது வெறும் புண்ணாகத் தெரிந்த இடத்திலும் பழுப்பு வரிசையாக நின்றது. இன்னொரு தகட்டில் கேஐ-67 என்ற புரதம்; பிறந்துகொண்டிருக்கிற செல்லை மட்டும் காட்டிக்கொடுப்பது. குடலின் சின்னச் சின்னக் குழிகளில் அது அடியில் மட்டும்தான் இருக்க வேண்டும். உனக்கு மேல் விளிம்புவரை ஏறியிருந்தது. குழிகளோ கோணி, கிளைவிட்டு, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடந்தன.

"இது உதைல வர்ற காயம் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "உதைச்சா புற்றுநோயும் வராது. உடம்போட காவல் படையே குடலை எதிரின்னு நெனச்சு வருஷக்கணக்கா வெட்டிக்கிட்டு இருந்திருக்கு. புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, கடைசில இங்க வந்து நிக்குது."

"எத்தனை வருஷம் மேடம்?"

"தகட்டைப் பார்த்துத் தேதி சொல்ல முடியாது. ஆனா இவ்வளவு தூரம் கெட்டுப்போக அந்தச் சண்டைக்கு அப்புறம் இருந்த காலம் பத்தாது. அதுக்கு முன்னாடியே ரத்தம் போயிருக்கணும். அவரைக் கேட்டுப் பாருங்க."

நான் மாடிப்படியில் ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை, கன்னத்தில் விட்டாய். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் பிய்ந்து போர்வையெல்லாம் ரத்தம் தெறித்தது. "கூடப் பொறந்தவளாடி நீ? தேசப்பன் ஊட்டுக்கு வக்காலத்து வாங்கறியா?" நான் சும்மா இருப்பேனா? திருப்பி விட்டேன், அதே வேகத்தில். நர்ஸ் கத்தினாள். பக்கத்துக் கட்டில் கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நீ கன்னத்தைத் தடவிக்கொண்டு என்னையே வெறித்துப் பார்த்தாய். பிறகு, "காட்டு. எங்க, காட்டு பாக்கலாம்" என்றாய்.

டாக்டரம்மாவிடம் கேட்டு உன்னைச் சக்கர நாற்காலியில் ஆய்வகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அப்போதுதான் குக்கரைப் பார்த்துக் குழம்பு என்று கிண்டல் செய்தாய். முதலில் வேறு ஒருவருடைய நல்ல குடலை வைத்துக் காட்டினேன். குழிகள் ஒரே அளவில் வரிசையாக இருந்தன. "வலைக்கண்ணு மாதிரி கீது" என்றாய். பிறகு உன்னுடையதை வைத்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"கிழிஞ்ச வலை" என்றாய். "இதுவா எனக்குள்ள?"

"ஆமாண்ணா. நம்ம ஆளுங்களே நம்ம ஆளுங்கள வெட்டிகினு கீறாங்க உள்ள."

"நம்ம ஊரு மாதிரி."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "சண்டைக்கு மின்னாடியே ரத்தம் போச்சாண்ணா?" என்றேன். நீ கண்ணை மைக்ராஸ்கோப்பிலேயே வைத்திருந்தாய். மறுபடி கேட்டேன்.

"போச்சு. கல்யாணத்துக்கு மின்னாடியேர்ந்து, அப்பப்ப. மூலம்னு நெனச்சேன். இத்தப் போயி பொம்பளைங்க கைல சொல்ல முடியுமா?"

"அப்புறம் ஏன் மாமா ஒதைச்சதுலதான்னு சொன்ன?"

"அது வேற ரத்தம், இது வேற ரத்தம்னு நெனச்சேன்டி. மெய்யாலுமே."

நான் உன்னை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அப்புறம் நீ சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை: "ஒதைக்க ஒரு ஆளு இருந்தான். அவனையும் புடுங்கிகினியே." சொல்லிவிட்டு ஆய்வகத்துச் சுவரில் ஓங்கிக் குத்தினாய். முட்டியெல்லாம் பிளந்தது. டாக்டரம்மா திட்டுவார் என்று பயந்தேன். அவர் பஞ்சு எடுத்துவந்து உன் கையைத் துடைத்தார்.

இப்போதும் ஆட்கள் ரிப்போர்ட் வாங்க வரும்போது, எதனால் வந்தது, யார் என்ன வைத்தார்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். மருமகள் சமைத்ததில் வந்ததா என்று ஒரு அம்மாள் கேட்டாள். நான் உட்கார வைத்து, உடம்பே தன்னை அடித்துக்கொண்டது என்று சொல்கிறேன். பாதிப் பேர் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. கூடப் பிறந்தவளுக்கும் வர வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா கட்டாயப்படுத்தியதால் எனக்கும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை. நான் யாரையும் உதைக்கவில்லை என்பதை உனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிட்டு வயிற்றின் வலது பக்கம் துளை போட்டுப் பை மாட்டினார்கள். வீட்டுக்கு வந்த முதல் நாள் அந்தப் பையைப் பிய்த்துச் சுவரில் அடித்தாய். சுவரைக் கழுவியது நான். ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் நீ ஊர்க்கூட்டத்துக்குப் போகவில்லை. நான் சொல்லும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். பிறகு ஈரலில் பரவிவிட்டது என்று ஸ்கேனில் வந்தது. இனி மருந்துக்குக் கட்டுப்படாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன்.

"நீ வாயத் தொறக்காம செத்தா வேலு அந்த ஆளக் கொன்னுடுவான். வேலு ஜெயிலுக்குப் போவான். ரெண்டு ஊடும் அழிஞ்சிடும். உனக்கு அதான் வோணுமா?"

"தெரியும்டி. கத்தாத. சட்டைய எடு."

கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. ஒரு பக்கம் வேலுவும் அவன் கூட்டாளிகளும். எதிர்ப்பக்கம் மாமாவும் அத்தையும் மட்டும். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாய். நடுவில் நின்று சட்டையைத் தூக்கினாய். பையைப் பார்த்ததும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நின்னுடுச்சு" என்றாய். "கொடலே போச்சு, அப்புறம் எங்கேர்ந்து ரத்தம் வரும்? இன்னொன்னும் சொல்லணும். மாமன் ஒதைச்சதுல வந்த ரத்தம் இல்ல அது. அதுக்கு ரொம்ப மின்னாடியேர்ந்து என் கொடலே என்னத் தின்னுகினு இருந்திருக்கு. எனக்குத் தெரியல. தங்கச்சி காட்டிச்சு, என் கண்ணால பாத்தேன். மாமன் மேல குத்தம் இல்ல."

அம்மா, "எவடா எம் புள்ளைக்கு மருந்து வெச்சது?" என்று என்னை நோக்கித்தான் ஓடிவந்தாள். ஆனால் எல்லோரையும் முந்திக்கொண்டு வேலு பாய்ந்தான். ஒன்றுமில்லாததற்கு ஒரு மனிதனின் விரலை வெட்டியிருக்கிறோம் என்று தெரிந்தால் அவன் எப்படித் தாங்குவான்? அந்த ஆளையே இல்லாமல் செய்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பான். இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாமாவின் மேல் இறங்கினான். நீ நடுவில் போனாய். எலும்பும் தோலுமாக இருந்த உடம்பில் எங்கே இருந்தது அந்தப் பலம்? நெற்றியால் அவன் மூக்கில் இடித்தாய். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. வேலு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். நாற்காலியின் கால் பட்டு உன் பை கிழிந்து, மலம் தொடை வழியாக ஒழுகியது.

தேசப்பன் மாமா நடந்து வந்தார். உன் முகத்துக்கு நேராக நின்றார். நல்ல கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். நீ தள்ளாடினாய், விழவில்லை. உன் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. வாழ்நாளில் நீ திருப்பிக் கொடுக்காத ஒரே அடி அதுதான். "இன்னொன்னு வேணாலும் அடி மாமா" என்றாய்.

"போதும்" என்றார் அவர்.

பெரியவர் எழுந்து கட்டு அவிழ்ந்தது என்று சொன்னார். நான் உன்னைத் தண்ணீர்க் குழாய்க்கு அழைத்துப்போய்க் கழுவிவிட்டேன். நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். பயமா என்று கேட்டதற்கு, குளிர் என்றாய்.

அடுத்த சீட்டில் மாமாவின் பெயரும் சேர்ந்தது. அவருடைய முதல் முறை வந்த காலையில்தான் உன் மூச்சு நின்றது. ஊரில் பிணம் கிடந்தால் எடுக்கும்வரை யாரும் ஏரியில் இறங்கக் கூடாது என்பது நம் வழக்கம். அவருக்கு அந்த நாள் போனால் போனதுதான். எத்தனையோ வருடம் காத்திருந்த மனிதர்! கழியும் வலையும் ஏற்றின படகு கரையில் நிற்க, மாமா நம் வாசலுக்கு வந்தார். பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள். மூக்கில் கட்டுப் போட்ட வேலுவும் எழுந்தான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

"மாமா, நீங்க போயி வலை கட்டுங்க. உங்க மொற. எவனாவது தடுத்தா நான் பாத்துக்கறேன்" என்றேன். மெய்யாகவே ஒரு கட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தார். "உங்கண்ணனுக்காக நான் வர்ல. அவன மன்னிக்கவும் இல்ல. ஊர்ல சாவுன்னா ஊரு கரையில நிக்கும். நானும் ஊரு தானே?"

எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. உன்னைத் தூக்கும்போது அவர் விரல் போன கையைப் பாடை மூங்கிலுக்கு அடியில் கொடுத்தார். அத்தை வீட்டுக்குள் வந்து, சாவுக்கென்று தாய்வீட்டிலிருந்து வந்திருந்த அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவள்மேல் காறித் துப்பினாள். அத்தை துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

அம்மா இன்றுவரை நம்பவில்லை, அண்ணா. பழுப்பு, புரதம், தகடு எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆய்வகத்துக்கு வா, காட்டுகிறேன் என்றேன். "அப்ப எம் புள்ளைய யாருடி கொன்னது?" என்கிறாள். அதற்குப் பெயர் சொல்ல என்னிடம் ஓர் ஆள் இல்லை. மாமாவின் முறை வருகிற நாளில் அவர் படகு நம் வீட்டுக்குப் பின்னால்தான் போகும். சத்தம் கேட்டதும் அம்மா உடைந்த செங்கல்லை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் ஓடுகிறாள். சீட்டில் அவர் நாள் எது என்று பார்த்துவைத்து அன்று நான் வேலைக்கு விடுப்புப் போடுகிறேன். பின்னாலேயே ஓடி அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடிக்கிறேன். என்ன பலம் அந்தக் கிழவிக்கு! நகத்தால் கீறுகிறாள், கடிக்கிறாள், உன்னைக் கொஞ்சின வாயால் என்னை என்னென்னவோ திட்டுகிறாள். மாமா திரும்பிப் பார்க்காமல் கழி ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போகிறார். படகு மறைந்த பிறகும் நான் அவள் கையை விடுவதில்லை.